கைக்குத் துணை வந்த பொறி

பாரிஸ் நகரிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரு வேலைக்காரப் பெண் இருந்தாள். அவளுக்கு விசித்திரமான ஒரு நடுக்கம். எடுத்த பாத்திரம் கைநழுவும். துடைத்த தட்டு தரையில் விழுந்து சிதறும். ஆகவே எந்த வீட்டிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. சார்க்கோ என்னும் மருத்துவர் அவளைத் தம் வீட்டிலேயே அமர்த்திக்கொண்டார். உடைந்த தட்டுகளாலும் கிண்ணங்களாலும் அவருக்கு ஒரு சிறு சொத்தே செலவாயிற்றாம். 1893ஆம் ஆண்டில் சார்க்கோ மறைந்தபோது, அவரிடம் முன்னர்ப் பயின்ற சிக்மண்ட் பிராய்டு எழுதிய இரங்கற் கட்டுரையில் இச்செய்தி காணப்படுகிறது. அப்பெண் இறந்தபின், அவளுடைய நடுக்கத்துக்கு மூலமான நோய் இன்னதென்று சார்க்கோ எடுத்துக்காட்டினார் என்றும் பிராய்டு கூறுகிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இருவகைப்படுகிறது. ஒருவரும் சேர்க்காத ஒருத்திக்கு அவர் இடம் தந்தார், அது பெருந்தன்மை. ஆயினும் உடைந்த தட்டுகளுக்கு நடுவே நின்ற அவளுடைய கையைத் திருத்த அவரால் ஒன்றும் செய்யக்கூடவில்லை. பார்த்தார், குறித்துக்கொண்டார், காத்திருந்தார். அக்காலத்து மருத்துவத்தின் எல்லை அவ்வளவே. அத்தகைய கைக்குத் துணைசெய்யப் பிற்காலத்தார் எவ்வாறு முயன்றனர், பொறிகளை எவ்வாறு அமைத்தனர், அவற்றால் ஆனது யாது, ஆகாதது யாது என்பவற்றையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்பு போன்ற திட்டுகள் தோன்றுவதை 1830களிலேயே இலண்டனில் கார்ஸ்வெலும் பாரிஸில் குருவேலியேயும் படமாகத் தீட்டி வைத்திருந்தனர். ஆனால் உயிரோடிருக்கும் நோயாளியின் குறிகளையும் இறந்தபின் காணப்படும் இத்திட்டுகளையும் இணைத்து, இது தனி நோய் என்று தெளிவாக நிறுவியவர் சார்க்கோ. 1868ஆம் ஆண்டில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் ஆற்றிய விரிவுரைகள் இதற்கு அடிப்படை. ஆங்கிலேயர் இதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர். பல இடங்களில் இறுகிப்போதல் என்பது அச்சொல்லின் பொருள்.

மின்சாரக் கம்பியின்மேல் ஓர் உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நரம்பு இழைகளுக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி இவ்வுறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் செய்தி தாமதமாகும். சில வேளைகளில் நின்றே போகும். எந்த இடத்தில் உறை சிதைந்ததோ அதற்கேற்பத் துன்பம் வேறுபடும். ஒருவருக்குக் கண் மங்கும். மற்றொருவருக்குக் கால் கனக்கும். இன்னொருவருக்கு விரல் மரத்துப்போகும். கையைப் பொறுத்தமட்டில் சார்க்கோ வற்புறுத்திய குறி ஒன்று உண்டு. கை ஓய்ந்திருக்கும்போது நடுக்கம் இராது. ஒரு பொருளை நோக்கி நீட்டும்போது தொடங்கும். பொருளை நெருங்க நெருங்க மிகும். நீர் நிறைந்த குவளை உதட்டருகே வரும்போதுதான் சிந்தும். பார்ப்பவர் இதைக் கவனக்குறைவு என்றோ குடிப்பழக்கம் என்றோ எளிதில் நினைத்துவிடுவர்.

நானும் அவ்வாறு நினைத்தவன்தான். 2004ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஓர் ஓவிய ஆசிரியர் பணியாற்றினார். கரும்பலகையில் கைவீச்சாக ஒரு வட்டம் போட்டால் கவராயம் தோற்கும். அந்தக் கை சிறிது சிறிதாகத் தடுமாறத் தொடங்கிற்று. சுண்ணக்கட்டி பலகையைத் தொடும் இடத்தில் ஆடியது. ஆசிரியர் அறையில் ஏதேதோ பேசினார்கள். நான் அவரை அழைத்து, வகுப்பின் முன் நின்று வரைவதைச் சில நாள் விட்டுவிடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னதாக எண்ணிக்கொண்டு சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதங்களுக்குப்பின் சென்னையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தின் அறிக்கையோடு வந்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நம் நாட்டில் இந்நோய் வட ஐரோப்பாவைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. ஆகையால் பெயரைக்கூட நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். உலகம் முழுவதிலும் இந்நோயுற்றோர் ஏறத்தாழ 28 லட்சம் பேர் என்று 2020ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று கூறுகிறது. அறியாமையை நான் சாக்காகச் சொல்லவில்லை. இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அந்த அறிக்கைதான்.

இனி பொறிகளைப் பார்ப்போம். உடலின் அசைவைக் கருவியால் பயிற்றுவிக்கும் எண்ணம் சுவீடன் நாட்டில் வளர்ந்தது. அங்கே பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென ஓர் அரசுக் கல்லூரியை நிறுவினார். அவருடைய முறையில் பயிற்றுநர் ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்து அசைப்பார், அல்லது நோயாளி அசைக்கும்போது எதிர்த்துத் தாங்குவார். ஒரு நோயாளிக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும். சில வேளைகளில் இருவர் வேண்டும். பயிற்றுநருக்கோ மாலைக்குள் கை ஓய்ந்துபோகும். குஸ்தாவ் சாண்டர் என்னும் மருத்துவர் இதற்கு வழி தேடினார். பயிற்றுநரின் கை செய்வதை நெம்புகோலும் எடைக்கல்லும் செய்யலாகாதா என்பது அவர் கேள்வி. 1865ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் 27 பொறிகளோடு அவருடைய கூடம் திறக்கப்பட்டது.

அப்பொறிகளுள் இருவகை உண்டு. ஒருவகையில் நோயாளி தாமே இழுக்கவேண்டும். நெம்புகோலில் எடைக்கல்லை நகர்த்தி எதிர்ப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். இன்ன நாளில் இன்ன எடை என்று குறித்துவைக்கலாம். மற்றொரு வகையை நீராவி இயந்திரம் ஓட்டும்; நோயாளி சும்மா உட்கார்ந்திருக்க, பொறியே கையையும் காலையும் ஆட்டும். 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் சாண்டரின் பொறிகளைக் கண்டு மக்கள் வியந்தனர். பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அத்தகைய கூடங்கள் எழுந்தன. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில்கூட மின்சார ஒட்டகம் ஒன்று இருந்தது. அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிராணியே. செல்வர்கள் அதன்மேல் ஏறிக் குலுங்கி மகிழ்ந்தனர். நரம்பு நோயாளிக்கு ஒட்டகத்தால் ஒரு பயனும் இல்லை.

சாண்டர் வகுத்த அந்த இரு வகைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி முயல்வது ஒன்று. பொறி ஆட்டுவது மற்றொன்று. பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளின் வழக்கு இவ்விரண்டுக்கும் இடையேதான் நடக்கிறது.

அவ்வழக்கில் முக்கியமான சாட்சி ஒருவர் உண்டு. அவர் ஒரு நோயாளி, பெயர் தெரியாதவர். சுவிட்சர்லாந்தில் ஹைடன் என்னும் மலையூர் இருக்கிறது. செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட ஹென்றி துனான் தம் இறுதிக் காலத்தை, 1910ஆம் ஆண்டு வரை, கழித்த ஊர் அது. அங்கே ஹைன்ரிக் பிரெங்கெல் என்னும் மருத்துவர் இருந்தார். தண்டுவடம் பழுதாகிக் கைகால்களின் ஒழுங்கு கெட்ட ஒருவரை அவர் சோதித்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடும்படி சொன்னார். நோயாளியால் கூடவில்லை, விரல் எங்கோ போயிற்று. சில மாதங்கள் கழித்து அதே நோயாளி மீண்டும் வந்தார். அதே சோதனை. இம்முறை விரல் மூக்கை ஒழுங்காகச் சென்று தொட்டது. நோயோ குறையவில்லை. பிரெங்கெல் திகைத்துக் காரணம் கேட்டார். சென்ற தடவை தேர்வில் தவறிவிட்டதாக அவர் வருந்தினாராம். அடுத்த தடவை தேறவேண்டுமென்று வீட்டிலே பழகினாராம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் தேர்வு நடத்தியவன் நான். தேர்வுக்குப் பயந்து படிக்காமல் ஓடியவரையும் பார்த்திருக்கிறேன், மருத்துவரின் சோதனையையே பள்ளித் தேர்வாக எண்ணிப் பழகிய இந்த மனிதரைப் பற்றியும் படித்திருக்கிறேன். இவரைப்போல ஒரு மாணவன் கிடைத்தால் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? பிரெங்கெலின் பெருமை என்னவென்றால், நோயாளியின் விடையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகாமல், அதிலிருந்து ஒரு முறையையே உருவாக்கியதுதான். எண்ணி எண்ணி, மெல்ல மெல்ல, கண்ணால் பார்த்துக்கொண்டே ஓர் அசைவைப் பலமுறை செய்வது அம்முறை. துளையிட்ட பலகையில் விரலை வைத்தல், முளைகளைக் குழியில் பொருத்துதல், கோட்டின்மேல் பென்சிலை ஓட்டுதல் முதலியன கைக்கு உரியவை. 1900ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. அவர் கருதியது வேறொரு தண்டுவட நோயை. ஆனால் ஒழுங்கு கெட்ட கைகால்களுக்கான அப்பயிற்சிகள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கும் வந்துசேர்ந்தன. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இவ்வளவு தெரிந்தபின்னும் இந்நோயாளிகளை நெடுங்காலம் மருத்துவர்கள் ஓய்ந்திருக்கவே சொன்னார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1890ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஊட்ஹாப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர், உடலை வருத்தி உழைத்தபின் சில நோயாளிகளின் பார்வை மங்குவதைக் கண்டார். பிற்காலத்தில், உழைப்பைவிட உடற்சூடு ஏறுவதே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. சூடு தணிந்தால் பார்வை திரும்பிவிடும். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இருத்தி, குறிகள் மிகுகின்றனவா என்று பார்த்து நோயைக் கண்டறியும் வழக்கமும் இருந்தது. உழைத்தால் கெடும் என்னும் அச்சம் வேரூன்றிவிட்டது. களைப்பு இந்நோயின் பெருந்துன்பங்களுள் ஒன்றாதலால் ஓய்வு என்னும் சொல் நோயாளிக்கும் இனித்திருக்கும். ஆனால் ஓய்ந்த தசை மெலியும். மெலிந்த கையைத் தூக்குவது இன்னும் களைப்பைத் தரும். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நோயாளிகள் சிலருக்கு 15 வாரங்கள் முறையாக உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். அவர்களுடைய வலிமையும் மன நிலையும் உயர்ந்தன. அதன்பின் காற்று திசைமாறிற்று. ஒரு நூற்றாண்டுக் காலம் நாற்காலியில் வீணாக உட்கார வைக்கப்பட்டவர்களை எண்ணினால் எனக்கு ஆற்றாமை உண்டாகிறது.

இன்னொரு குறையும் சொல்லவேண்டும். நோயின் கடுமையை அளக்க ஜான் கர்ட்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவர் 1955ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தார். 1983இல் அதை விரித்தார். சுழியில் தொடங்கிப் பத்தில் முடியும் அந்த அளவுகோலையே உலகெங்கும் கையாள்கின்றனர். ஆறு என்றால் நடக்க ஒரு கைத்தடி வேண்டும். ஏழு என்றால் சக்கர நாற்காலி. அதாவது அளவுகோலின் நடுப்பகுதி முழுவதும் காலைப் பற்றியதே. கையால் சோறு பிசைந்து உண்ண முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்பது அங்கே போதிய இடம் பெறவில்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதையே மாணவன் படிப்பான். மருத்துவ ஆய்வும் அப்படித்தான். நடையே பெரிதாகப் பேசப்பட்டது. கை பின்னால் நின்றது.

கைக்கு மதிப்பெண் தந்தது ஒரு சிறு பலகை. ஒன்பது துளைகள், ஒன்பது முளைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் செருகவேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் போடவேண்டும். எத்தனை நொடி ஆயிற்று என்று பார்ப்பர். நலமுள்ளவருக்கு ஏறத்தாழ 20 நொடி போதும். 1971இல் எழுத்தில் வந்த இச்சோதனை, 1999இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கென வகுத்த ஒரு கூட்டளவையில் இடம்பெற்றது. இருபது விழுக்காடு நேரம் மாறினால், கையின் திறன் மெய்யாகவே மாறியதாகக் கொள்வர். பிரெங்கெலின் பலகைக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை இருப்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையே கணிப்பொறி வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், எர்மானோ ஈகோ கிரெப்ஸ் ஆகியோர் 1989ஆம் ஆண்டில் ஒரு கைப்பயிற்சி ரோபோவை அமைக்கத் தொடங்கினர். ரோபோ என்றவுடன் தலையும் கண்ணுமுடைய இரும்பு மனிதனைக் கற்பனை செய்யாதீர்கள். அது ஒரு மேசை. அதன்மேல் மடங்கி விரியும் இரண்டு உலோகத் தண்டுகள். நுனியில் ஒரு கைப்பிடி. நோயாளி கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். எதிரே திரையில் நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் கடிகார எண்கள்போலச் சில புள்ளிகள். நடுவிலிருந்து ஒரு புள்ளிக்குக் கையைக் கொண்டுபோய்த் திரும்பவேண்டும்.

இதிலே அருமை எங்கே இருக்கிறது? தொழிற்சாலை ரோபோவின் வழியில் நம் கை குறுக்கிட்டால் எலும்பு முறியும். தன் பாதையை அது விடாது. ஹோகன் அமைத்ததோ விட்டுக்கொடுக்கும் ரோபோ. நோயாளியின் கை தள்ளினால் இணங்கிப் போகும். கை வழிதவறினால் சுருள்வில்லைப்போல மெல்ல இழுத்துத் திருத்தும். கை நின்றுவிட்டால் சற்றே முன்தள்ளும். எவ்வளவு விறைப்பு, எவ்வளவு நெகிழ்வு என்பதைக் கணிப்பொறி கணந்தோறும் தீர்மானிக்கும். நல்ல பயிற்றுநரின் விரல்கள் அறிந்தோ அறியாமலோ செய்வதை இரும்புக்குக் கற்பித்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒயிட் பிளெயின்ஸ் என்னும் ஊரிலுள்ள பர்க் மருத்துவமனையில், பக்கவாதத்தால் கை விழுந்தவர்களிடம் இது முதலில் சோதிக்கப்பட்டது. 20 நோயாளிகளைப் பற்றிய முடிவு 1997இல் வெளிவந்தது. ரோபோவோடு பழகிய கை கூடுதலாகத் தேறியிருந்தது.

பக்கவாதம் ஒரே நாளில் வந்து விழும் அடி. அதன்பின் சிறுகச் சிறுக மீட்சி உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அப்படியன்று. வந்து, தணிந்து, மீண்டும் வரும். சிலருக்கு இடைவிடாமல் வளரும். மூழ்கிக்கொண்டிருக்கும் படகிலே துடுப்புப் போடக் கற்பிப்பதா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். எனினும் இத்தாலியர் துணிந்தனர். மிலான் நகர ஆய்வாளர் 2009இல் ஏழு நோயாளிகளைக் கொண்ட முதல் முயற்சியை வெளியிட்டனர். ஜெனோவா நகர ஆய்வாளர் தாங்கள் செய்த ரோபோவுக்குப் பிராச்சோ தி பெர்ரோ, அதாவது இரும்புக்கை, என்று பெயரிட்டனர். பசலைக்கீரை தின்று பலம்பெறும் பாப்பாய் என்னும் கேலிச்சித்திர மாலுமிக்கும் இத்தாலியில் அதுவே பெயர். விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டென்பதற்கு இது சான்று. அவர்கள் ஒரு விந்தையான சோதனை செய்தனர். சில வேளைகளில் ரோபோ நோயாளியின் பிழையைக் குறைக்கும்படி இழுக்கும். சில வேளைகளில் பிழையைப் பெரிதாக்கும்படி தள்ளும். பிழை பெரிதானால் மூளை அதைக் கவனித்துத் திருத்திக்கொள்ளுமல்லவா? அந்த எண்ணத்தின்மேல் செய்யப்பட்டது அது.

பெல்ஜியத்தில் ஓவர்பெல்ட் என்னும் சிற்றூரில் இந்நோய்க்கென்றே ஒரு புனர்வாழ்வு நிலையம் உண்டு. அங்கே கையாண்ட கருவியின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த கதை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், தசை வலுவிழந்த குழந்தைகள் தாமே சோறெடுத்து உண்ணவேண்டும் என்பதற்காகத் தாரிக் ரஹ்மான் என்னும் பொறியாளர் ரப்பர்ப் பட்டைகளால் கையைத் தாங்கும் ஒரு சட்டத்தை அமைத்தார். மோட்டார் இல்லை. கையின் கனத்தை ரப்பர் ஏற்றுக்கொள்ளும். மிச்சத்தைக் குழந்தையின் தசை பார்த்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் இர்வைன் நகரப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரைன்கென்ஸ்மையர் குழுவினர் அதைப் பெரியவர்களுக்கு ஏற்றதாக்கி, கணிப்பொறி விளையாட்டோடு இணைத்தனர். பின்னர்ச் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று சுருள்வில் பொருத்தி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓவர்பெல்டில் கடுமையாக நோயுற்ற பத்துப் பேர், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், எட்டு வாரங்கள் அதிலே பழகினர். 2011இல் வெளிவந்த முடிவின்படி, பொருள்களை எடுத்து வைக்கும் திறன் அவர்களுக்குக் கூடியிருந்தது. தசையின் வலிமை கூடவில்லை. இது பொருள்பொதிந்த செய்தி. வலிமை அதே அளவு. ஆனால் இருந்த வலிமையைப் பயன்படுத்தக் கை கற்றுக்கொண்டது. களைப்பு மிகுந்த நோயாளிக்குத் தன் கையின் கனமே பகை. அந்தக் கனத்தை வில் சுமந்ததால் அரைமணி நேரம் பழக முடிந்தது.

இவ்விடத்தில் நான் வியந்த ஓர் உண்மையைச் சொல்கிறேன். பொறி தாராளமாக உதவினால் நோயாளி நன்றாகத் தேறுவார் என்றுதான் நாம் நினைப்போம். நேர்மாறாக நடந்தது. ரோபோ சுமையை ஏற்கிறது என்று தெரிந்தவுடன் கை தன் முயற்சியைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேண்டுமென்று அல்ல, உடலின் இயல்பே அது. திரையில் புள்ளியைத் தொட்டாகிவிடும். கை ஒன்றும் கற்றிராது. ரைன்கென்ஸ்மையர் குழுவினர் இதை அளந்து காட்டி, கை சோம்புகிறது என்றே அதற்குப் பெயரிட்டனர். ஆகையால் உதவியை இடையறாது குறைத்துக்கொண்டே வரும்படி பொறிக்குக் கட்டளை எழுதினார்கள். நோயாளி தேறத் தேறப் பொறி பின்வாங்கும். தடுமாறினால் மட்டும் முன்வரும்.

நெல்லைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதப் பழக்குவதை நம் வீடுகளில் கண்டிருப்பீர்கள். முதல் நாள் எழுதுவது ஆசிரியரின் கை. குழந்தையின் விரல் உடன் போகிறது, அவ்வளவுதான். என்றைக்குப் பிடியைத் தளர்த்துவது, எந்த வளைவில் மீண்டும் பிடிப்பது என்பதில்தான் ஆசிரியரின் திறமை. பயிற்சிக் கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்தேன். பொறியாளர்கள் இதையே கணக்காக எழுதியிருப்பதைப் படித்தபோது, பழைய நண்பரை அயல்நாட்டில் சந்தித்தாற்போல் இருந்தது.

ஓவிய ஆசிரியரை நூலகப் பொறுப்புக்கு மாற்றியிருந்தேன். புத்தகங்களுக்கு எண்சீட்டு எழுதி ஒட்டுவது அவர் வேலை. முழங்கையை மேசையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வோர் எண்ணாக எழுதுவார். ஒருநாள் பார்க்கப் பொறாமல் பேனாவை வாங்கி நானே நாலைந்து எழுதினேன். “ஐயா, எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நீங்கள் போய் வேலையைப் பாருங்கள்” என்றார். அன்று அதைக் கோபம் என்று எண்ணினேன்.

பொறிகளின் புகழ் ஓங்கியிருந்த வேளையில் கடுமையான தேர்வும் வந்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில், பக்கவாதமுற்ற 127 பேரை வைத்து நடத்திய சோதனை வெளியாயிற்று. ரோபோவோடு பழகியவர்கள் ஓர் அமர்வில் ஆயிரம் முறைக்கு மேல் கையை அசைத்தார்கள். பன்னிரண்டு வார முடிவில், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. ஒன்பது மாதங்களுக்குள் சிறிது மேம்பாடு தெரிந்தது. அதே அளவு அசைவுகளை மனிதப் பயிற்றுநரே செய்வித்த குழுவினரும் ரோபோக் குழுவினருக்கு இளைக்கவில்லை. 2019இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்த பிரிட்டனில் 770 பேரைக் கொண்டு நடத்திய இன்னும் பெரிய சோதனையில், ரோபோப் பயிற்சியால் அன்றாடக் கைத்திறன் கூடியதாக நிறுவ முடியவில்லை. திரையில் புள்ளியைத் தொடக் கற்ற கை, சட்டைப் பொத்தானைப் போடத் தானாகக் கற்றுவிடவில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ரோபோச் சோதனை நடந்ததில்லை. நடந்தவற்றுள் பல ஏழு பேர், எட்டுப் பேர், பத்துப் பேர் என்னும் சிறு முயற்சிகளே. அவற்றைக் கொண்டு பெருமுழக்கம் செய்வது தகாது. பொறி சிதைந்த நரம்புறையை ஒட்டவைக்காது. நோயின் போக்கையும் நிறுத்தாது. களைத்த கைக்குத் தோள்கொடுத்துப் பலமுறை பழக வாய்ப்பளிக்கும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு செய்தது என்று அயராமல் குறித்துவைக்கும். விலையோ பெரிது. நம் ஊர்களில் ஓர் இயன்முறைப் பயிற்றுநரை அமர்த்தவே இயலாத மருத்துவமனைகள் எத்தனையோ இருக்கும்போது, ரோபோ வரவில்லையே என்று ஏங்குவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் அளவுகோல் மாறிவருவது எனக்கு மகிழ்ச்சி. 2019இல் தொடங்கிய ஒரு பெரிய மருந்துச் சோதனை, சக்கர நாற்காலியில் இருப்போரையும் சேர்த்துக்கொண்டு, ஒன்பது துளைப் பலகையில் கையின் திறனை முதன்மையாக அளக்க முன்வந்தது. கால் ஓய்ந்தபின்னும் கை இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் ஏற்க இவ்வளவு காலம் ஆயிற்று.

அந்தப் பலகையைப் பற்றிப் படித்தபின், தச்சர் ஒருவரிடம் வேங்கைப் பலகையில் ஒன்றைச் செய்வித்தேன். அளவு சரியாக வந்திருக்குமென்று உறுதிகூற இயலாது. வலக்கையால் எனக்கு 23 நொடி ஆயிற்று, இடக்கையால் 27. சென்ற ஆண்டு அதை எடுத்துக்கொண்டு ஓவிய ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். அவரும் ஓய்வுபெற்றுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். பலகையை அவர் முன் வைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்தேன். நான்காவது முளை கீழே விழுந்து உருண்டது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தவன், என்ன நினைத்தேனோ, நிமிர்ந்துவிட்டேன். மற்றொரு கையால் சக்கரத்தைத் தள்ளி அவரே போய் எடுத்துவந்தார். முழுவதும் முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நேரத்தைக் கேட்டார், சொன்னேன், ஒரு தாளில் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டார்.

விடைபெறும்போது பலகையை எடுக்கக் கை நீட்டினேன். “அது இங்கேயே இருக்கட்டும், ஐயா, அடுத்த மாதம் வாருங்கள்” என்றார்.